சுவிஸ் வீரருக்கு மாமல்லபுரத்தில் பணி நிறைவு பாராட்டு

எங்க சிறுசேரி சைக்கிள் கிளப்புக்கு ஒரே தெய்வம்தான். ரேஸ்ல இருந்து எப்பவோ ஓய்வு பெற்ற ஒரு சுவிஸ் வீரர்.

இன்னிக்கு அவருக்குப் பிறந்தநாள். மாமல்லபுரத்துல ஞாயித்துக்கிழமை நாங்க வழக்கமா நிக்கிற டீக்கடை வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டச் சொல்லியிருந்தோம்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினது நான்தான். "ரிட்டையர் ஆனவர், ரொம்ப ஃபேமஸ், கிராண்டா பண்ணுங்க." பிறந்தநாள்னு எழுத மறந்துட்டேன்.

காலையில போய்ப் பார்த்தா, "பணி நிறைவு பாராட்டு விழா"ன்னு தங்கக் கலர் எழுத்து. சுவிஸ் வீரர் ஜெர்சி மேல பொன்னாடை, சந்தன மாலை. அதுவும் அவர் படம் மேல் மூலையில, உள்ளங்கை அளவுக்கு.

கிளப் ஆளுங்க எங்க பதினாலு பேர் மூஞ்சியும் குடம் குடமா இருக்கு. நட்ட நடுவுல, கூலிங் கிளாஸ் போட்ட எங்க தலைவர்.

டீக்கடை அக்கா அண்ணாந்து பார்த்துட்டுக் கேட்டாங்க: "மூலையில கீற வெள்ளக்காரரு இன்னா, சீஃப் கெஸ்ட்டா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள தலைவரே வந்துட்டார். வயசு நாற்பத்திரண்டு. சைக்கிளைக் கார் மேல கட்டிக்கிட்டு வந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் மிதிச்சு, மூச்சு வாங்க இறங்கினார்.

அக்கா ஓடிப்போய் ஸ்டூல் போட்டாங்க. "இத்தினி வருசம் ஒழைச்சது போதும் அண்ணாத்த. இனிமே வூட்ல ரெஸ்ட் எடு."

தலைவர் மறுக்கவே இல்லை. "ரொம்ப தேங்க்ஸ்மா"ன்னு ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உட்கார்ந்தார்.

ஃப்ளெக்ஸ்ல தப்பு இருக்கா இல்லையான்னு இப்போ எனக்கே சந்தேகம். நீங்களே சொல்லுங்க.