தீனி போடாத வெள்ளிக்கிழமை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் மருமகன் இறால் வளர்த்தார். வேலை போன பிறகு தொடங்கிய பரீட்சை அது. பிளாஸ்டிக் தொட்டியில் விட்ட முந்நூறு குஞ்சுகள் தேறினால் சிலாபத்தில் இறால் குளம் குத்தகைக்கு எடுப்பார். தேறாவிட்டால் என் மகளை எங்களிடம் விட்டுவிட்டு வேலை தேடிக் கட்டாருக்குப் போய்விடுவார். அந்தப் பயத்திலேயே தினமும் தொட்டித் தண்ணீரின் உப்பை அளந்து பார்த்தேன்.

ஒரு வியாழன் இரவு பெய்த மழை, தொட்டிக்கு மேல் கூரையாகக் கட்டியிருந்த தறப்பாளைக் கிழித்துவிட்டது. காலையில் உப்பு பாதியாக இறங்கியிருந்தது. தண்ணீர் முழுக்க இறால்கள் அசையாமல் மிதந்தன. கண், மீசை, கால் எல்லாம் இருந்தன. உடலுக்குள் மட்டும் ஒன்றுமில்லை, மறுபக்கம் தெரிந்தது.

"எல்லாம் செத்துப்போச்சு தம்பி!"

"சாகேல்ல மாமா, அது தோல். உப்பு திடீரெண்டு இறங்கினா எல்லாம் ஒரேயடியாத் தோல் கழட்டும். புதுத்தோல் இறுகுமட்டும் பஞ்சு மாதிரித்தான் இருக்கும். நீங்கள் முதல்ல மூச்சு விடுங்கோ."

அவர் உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். நான் மீன்மாத் தீனி வாளியை எடுத்தேன். மனைவி படியிலேயே மறித்தாள்.

"இண்டைக்கு வெள்ளி. மீன்மாவைத் தொட்ட கையோட விளக்கடிக்கு வராதேங்கோ. ஒருநாள் விரதம் இறாலுக்கும் நல்லது, உங்கட வயித்துக்கும் நல்லது."

எங்கள் வீட்டில் ஒவ்வொரு வெள்ளியும் அவற்றுக்கும் விரதம்தான். அதுவரை ஒன்றும் ஆனதில்லை. மருமகனும் தலையாட்டினார்.

பின்னேரம் மனம் கேளாமல் மேலே போய்த் தொட்டியில் காதை வைத்தேன். டிக், டிக் என்று நூறு சின்ன வாய்கள் மெல்லும் சத்தம். தீனி விழும்போது மட்டும் கேட்கிற சத்தம் அது. தீனித்தட்டோ வெளியே காய்ந்து கிடந்தது.

"கழட்டின தோலைத் தின்னுதுகளாக்கும்," என்றார் மருமகன்.

சனி காலை இருவருமாக வலையால் அள்ளி எண்ணினோம். நூற்றுப்பன்னிரண்டு. இன்னொரு முறை எண்ணினோம். அதேதான். செத்த உடல் ஒன்றுகூட இல்லை.

"பசியில, தோல் இறுகினதுகள் இன்னும் பஞ்சாக் கிடந்ததுகளைத் திண்டிட்டுதுகள்," என்றார் மருமகன் மெல்ல.

தட்டில் தீனி வைத்து இறக்கினார். வழக்கமாக முண்டியடித்து வருபவை அசையவில்லை. கரிய கண்கள் எங்கள் பக்கம் திரும்பியிருக்க, அடியில் நிறைவாகக் கிடந்தன. தீனி கரைந்து தண்ணீரைக் கலக்கியது.

"இனிக் கட்டார்தான் மாமா. உங்கட மகளுக்கு நீங்களே சொல்லுங்கோ."

மகள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

"தேறியிருக்கே அப்பா?"

"இருக்கிறதுகள் நல்லாக் கொழுத்திருக்கு, பிள்ளை," என்றேன்.