பிஸ்டனில் திருநீறு

எங்கள் வீட்டுச் சாமி மேடையில் திருநீறு இருப்பது ஒரு பழைய பிஸ்டனுக்குள். கவிழ்த்து வைத்தால் அது நல்ல கிண்ணம். இரண்டு பக்கமும் இரும்புப் பின் நுழைகிற துளை இருப்பதால் அதற்கு மேல் போட்டால் கொட்டிவிடும். அளவோடுதான் போட முடியும். ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல்கள். வெள்ளிக் கிண்ணம் வாங்கித் தருகிறேன் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை.

இது என் சகலையின் மோட்டார்சைக்கிளில் இருந்த பிஸ்டன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். நான் அதே தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தேன். துரையிடம் ஓர் இங்கிலாந்து மோட்டார்சைக்கிள் இருந்தது. சனிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது என் பொறுப்பு. பெட்ரோல் தொட்டியின் பச்சையில் என் முகம் தெரியும்வரை துடைப்பேன். ஓட்டியதில்லை. துரை குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. துரை ஊருக்குக் கிளம்பிய நாள் தைப்பூசம். நான் விரதமிருந்து காவடி எடுக்க ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். சாயந்தரம் திரும்பி வந்தால், தொழிலாளர் லயத்து வாசலில் அந்த வண்டி நிற்கிறது. அதன் மேல் சகலை. சாமான் ஏற்ற டிராக்டரோடு போனவரைக் கூப்பிட்டுத் துரை கொடுத்துவிட்டாராம்.

"நீ இருந்திருந்தா உனக்குத்தான் அண்ணே குடுத்திருப்பாரு," என்றார் சகலை. ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பத்து வருஷம் மென்றுகொண்டிருந்தேன். முருகனிடம்கூட ஒரு வருத்தம். உன்னைப் பார்க்க வந்த நாளாகப் பார்த்துத்தானா என்று.

பிறகு நான் ஈப்போவுக்குக் குடிவந்து ஒரு பட்டறையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு சகலை எங்கள் வீட்டுக்கு வருவார். முச்சந்தியிலேயே அந்தச் சத்தம் கேட்கும். "என் தங்கச்சி வாரா," என்று என் மனைவி அடுப்பை விட்டு ஓடுவாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வேன். கொழுந்தியாள் தலைப் பூக் கலையாமல் இறங்குவாள். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பஸ்.

"வாசல்ல எண்ண சொட்டுது சகலை," என்று ஏதாவது குறை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

"சந்தனம் தெளிச்சதா நெனச்சுக்க லா, அண்ணே," என்று சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், மேட்டில் ஏறும்போது இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்தார். கொட்டகையில் வைத்துப் பிரித்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு உரசிக் கிழிந்திருந்தது. கீழே கிராங்கில் ஒரு பழுதும் இல்லை. சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் இன்னும் இருபது வருஷம் ஓடும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"எப்படிண்ணே? செலவு பண்ணலாமா? இல்ல, அந்தக் காசுக்குச் சின்ன வண்டியா ஒரு கப்சாய் வாங்கிரலாமா? உன் கொழுந்தியா கப்சாய் போதும்கிறா. வேலைக்குப் போய் வர அது போதும்தான். ஆனா மனசு கேக்கல."

"செத்துப்போச்சு சகலை. இனி இது பெசி புரோக்தான், வெறும் ஓட்ட இரும்பு. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டுக் கப்சாய் வாங்கு."

கணக்குப் பார்த்தால் கப்சாய்தான் மலிவு. அதனால் நான் சொன்னது நியாயம்போலவே இருந்தது. ஆனால் இஞ்சின் சாகவில்லை. பழைய இரும்புக்காரர் எனக்குப் பழக்கம். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து வண்டியை நான் எடுத்துக்கொள்வதாக மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சகலை பெட்ரோல் தொட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னா சரி. யாரு கண்ணு பட்டுச்சோ. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ சுத்திப் போட்டுரு அண்ணே. வாங்குறவனாச்சும் நல்லா இருக்கட்டும்," என்றார்.

எங்கள் உறவில் பிள்ளைகளுக்குக் கண் கழிப்பது நான்தான். மறுக்க முடியவில்லை. தட்டில் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வண்டியைச் சுற்றினேன். ஊர்க் கண் என்று சொன்னேன். தெருக் கண் என்றேன். அடுத்து உறவுக் கண் என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. தட்டை இன்னொரு சுற்று சும்மா சுற்றிவிட்டுச் சொன்னேன். மிளகாயைக் கரி அடுப்பில் போட்டோம். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மிளகாய் கருகிச் சாம்பலானது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாரேன். பெரிய கண்ணாத்தான் இருக்கும்போல," என்றார் சகலை, என் தோளைத் தொட்டுக்கொண்டே.

"இரு சகலை. எதுக்கும் ஒரு தடவ கடைஞ்சு பாக்குறேன்."

"செத்துப்போச்சுன்னியே?"

"சாமி மேல பாரத்தப் போட்டுப் பாப்போம்."

பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சாமியை இழுத்து முன்னால் நிறுத்தி, நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நாலு ஞாயிறு வேலை செய்தேன். பட்டறையில் கெஞ்சி நானே சிலிண்டரைக் கடைந்தேன். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேறு எதையும் கடைந்ததில்லை. மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. "நீ ஏறு அண்ணே மொதல்ல," என்றார் சகலை. வேட்டி கட்டியிருக்கிறேன் என்றேன். அவர் ஓட்டிக்கொண்டு போனார். முன்பு துரையின் வண்டி மேல்தான் பொறாமை. அன்றிலிருந்து என் கை வேலை மேலேயே பொறாமை. கிழிந்த பிஸ்டனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு சகலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தைப்பிங்கில் ஒருவருக்கு வண்டியை விற்றுவிட்டாராம், சொற்ப விலைக்கு. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே லா, சகலை," என்றேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப் பார்த்தார். "நீதான அண்ணே பெசி புரோக்னு சொன்ன? ஏதோ சாமி புண்ணியத்துல ஓடிச்சு. அத உன் தலையில கட்டலாமா? உறவாச்சே."

அவருக்கு இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்து இப்போது சில வருஷம் ஆகிறது. அந்த உண்மையை அவரிடம் சொல்லவே இல்லை.

தைப்பிங்கில் சதா மழை. அந்த ஆள் வண்டியைக் கூரைக்குள் வைத்தாரா, தொட்டியைத் துடைத்தாரா தெரியாது. பார்த்தே இராத அந்த மனிதர் மேல் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். காலையில் குளித்துவிட்டு வந்து பிஸ்டனுக்குள் மூன்று விரலை விடுகிறேன். கட்டைவிரல் வெளிப்பக்கம் அந்தக் கீறல்கள் மேல் படுகிறது. நெற்றியில் பூசும் முன்பு, அன்றைக்கு நாக்கில் எழ மறுத்த ‘உறவுக் கண்’ என்ற அந்த இரண்டு வார்த்தையை ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.