கொய்யாமேடு ஹால்ட்டின் தலைவர்

இருதயராஜ் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக ஆசைப்பட்ட ஆள் இல்லை. மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில்கூடப் பந்தல் மூலையில் நின்று, பிரியாணி வெந்துவிட்டதா என்று விசாரிக்கிற கட்சி. அப்படிப்பட்டவனைப் பிடித்து கொய்யாமேடு ரயில் நிலைய மீட்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அந்த ஸ்டேஷன் திறக்கவே கூடாது என்று ஊரில் உளமாற வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆளும் அவன்தான்.

கொய்யாமேடு ஹால்ட் ஒன்றும் பெரிய ஸ்டேஷன் இல்லை. ஒரு பிளாட்பாரம், ஒரு புங்கமரம், டிக்கெட் கொடுக்கச் சமையலறை அளவில் ஒரு அறை. காலையில் ஒரு பாசஞ்சர் ஆம்பூருக்குப் போகும், சாயங்காலம் ஒன்று திரும்பும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காருகிற பெண்களெல்லாம் அதில்தான் போய்வந்தார்கள். கொரோனாவில் ரயில் நின்றது. கொரோனா ஒழிந்ததும் ரயில் வந்தது, ஆனால் கொய்யாமேட்டில் நிற்கவில்லை. சோற்றுப் பையோடு காத்திருந்த பெண்களின் தலைமுடியைக் கலைத்துவிட்டு ஊதிக்கொண்டே போய்விட்டது.

டேனரியில் ஈரத்தோல் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்த இருதயராஜ், தன் மனைவி அமிர்தவள்ளி கம்பெனிக்குப் போக வழியில்லாமல் தவிப்பதைப் பார்த்துத்தான் ஒரு பழைய ஷேர் ஆட்டோ வாங்கினான். அவளுக்காக வாங்கிய வண்டிதான். ஆனால் ஒரே வாரத்தில் அதில் அவளுக்கு இடமில்லாமல் போனது. “நீ வீட்டு ஆளு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்று டிரைவர் சீட்டு ஓரத்தில் அவளை ஒட்டவைத்துவிடுவான். அமிர்தவள்ளி பாதி ஆட்டோவிலும் பாதி தேசிய நெடுஞ்சாலையிலுமாக வேலைக்குப் போய்வந்தாள்.

மீட்புக் குழுக் கூட்டத்துக்கு அவன் போனதே, முடிந்ததும் நாலு சவாரி கிடைக்கும் என்றுதான். டீக்கடை முக்தார் அகமது பாய் திடீரென்று எழுந்து அவனைக் கைகாட்டினார்.

“ஸ்டேஷன் மூடுனதுல இருந்து தெனம் காலையில அந்தப் புங்கமரத்தடியில போய் நிக்கிறது யாரு? நம்ம இருதயராஜ்! அவ்ளோ பாசம் அந்த ஸ்டேஷன் மேல. அவருதான் தலைவரு!”

அங்கே நிற்பது ஆள் ஏற்ற என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. அன்றிரவு அமிர்தவள்ளி, “தலைவரே, இன்னும் சோறு போடட்டுமா?” என்று கேட்ட கேட்பில் அவனுக்கு ரசம் புரையேறியது.

மனு மேல் மனுவாகப் போய், கடைசியில் ரயில்வேயிலிருந்து செந்தில்குமார் என்ற அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. தகவல் வந்தது தலைவரின் போனுக்கு. இருதயராஜ் ஊரில் ஒரு நாள் தள்ளிச் சொன்னான். குறித்த நாளில் அதிகாரியை ஆம்பூரில் ஏற்றிக்கொண்டு, நல்ல ரோட்டை விட்டுவிட்டு ஏரிக்கரைப் பள்ளங்களாகப் பார்த்துப் பார்த்து ஓட்டிவந்தான்.

பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. ஆடுகள் மட்டும் பெஞ்சில் ஏறிப் படுத்திருந்தன. டிக்கெட் அறைக்குள் யாரோ வறட்டி அடுக்கியிருந்தார்கள்.

“ஆளே இல்லையேப்பா” என்றார் அதிகாரி.

“ஆமா சார். எப்பவுமே கம்மிதான்” என்றான் தலைவர்.

அதோடு அவர் திரும்பியிருந்தால் ஸ்டேஷன் கதை முடிந்திருக்கும். அவரோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சேர்த்தார்: “இந்த மாதிரி ஊருக்கு ஸ்டேஷன் கொடுத்ததே தப்பு. ஏறுகிறவனும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டான்.”

இருதயராஜுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“இன்னா சார் சொன்னீங்க? என் பொண்டாட்டி சீசன் டிக்கெட் வச்சிருந்தா சார்! அத பர்ஸ்ல எங்க கல்யாண போட்டோவுக்கு முன்னாடி வச்சிருந்தா! ஆளு இல்லையா? காலையில நான் மட்டுமே மூணு டிரிப்பு அடிக்கிறேன், ஒரு டிரிப்புக்குப் பன்னெண்டு பேரு!”

“பன்னிரண்டு பேரா? இந்த ஆட்டோவிலா?”

தான் உளறிவிட்டது இருதயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ரோஷம் முன்னால் போய்விட்டது, இனி அவன் அதன் பின்னால் ஓட வேண்டியதுதான். “நம்பலன்னா வாங்க சார்!” என்று அவரை ஏற்றிக்கொண்டு நேரே கம்பெனி வாசலுக்கு விட்டான்.

சாயங்காலச் சங்கு ஊதியது. பெண்கள் வந்து ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே அதிகாரி சன்னல் பக்கமாக நசுங்கினார். ஒருத்தி அவர் மடியில் மூன்று டிபன் பைகளை அடுக்கி, “கொஞ்சம் பிடிங்கண்ணா” என்றாள். முன்னால் தொங்கிக்கொண்டிருந்த அமிர்தவள்ளி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“அண்ணன் எந்த கம்பெனி? கட்டிங்கா, பேக்கிங்கா?”

“நான்… ரயில்வே.”

“ஐயோ பாவம், உங்களுக்கே ரயில் இல்லையா?”

ஆட்டோ சிரிப்பில் குலுங்கியது. கொய்யாமேடு வந்து சேர்வதற்குள் அவர் எல்லாப் புகாரையும் கேட்டு முடித்திருந்தார். முக்கால்வாசிப் புகார் ஆட்டோக்காரனைப் பற்றி. இறங்கியபோது அவர் சட்டையில் சாம்பார்க் கறை இருந்தது, ஒரு செருப்பைக் காணோம். மறுநாள் வரவேற்புக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த முக்தார் பாய் வாழைமரத்தோடு ஓடிவந்தார்.

ஆறு மாதத்துக்குச் சோதனையாக ரயில் நிற்கும், டிக்கெட் விற்பனை பார்த்து மேற்கொண்டு முடிவு என்று உத்தரவு வந்தது. முதல் நாள் காலையில் தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு, இன்ஜினுக்கு மாலை சாத்தினார். பாய் வெடி வைத்தார், ஆடுகள் தெறித்து ஓடின. பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். முதலில் ஏறியது அமிர்தவள்ளி.

“நீயுமா போற?” என்றான் சன்னலுக்கு வெளியே நின்று.

“பின்ன? முழுசா உக்காந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?” என்று சொல்லி, அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வெட்கம்தான் வந்தது.

இப்போது இருதயராஜ் வீடுகளில் கைத்தையலுக்குப் போகும் ஷூ மேல்தோல் ‘அப்பர்’ மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றுகிறான். மூட்டை பேசாது, இடம் கேட்டுச் சண்டை போடாது. அதுதான் பேஜாராக இருக்கிறது அவனுக்கு. ரயில் லேட்டாகிற நாளில் பெண்கள் நைசாக ஆட்டோப் பக்கம் வருவார்கள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் விற்பனை குறைந்தால் ஸ்டேஷன் போய்விடுமே.

போன வாரமும் அப்படித்தான். ரயில் அசையாமல் சிக்னலில் நிற்க, ஏழெட்டுப் பேர் வந்து அவன் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏறக் கூடாது! யாரும் ஏறக் கூடாது!” என்று இரண்டு கையையும் விரித்து மறித்தான் தலைவர். “ஊரு ஸ்டேஷன்மா அது! போய் லைன்ல நின்னு டிக்கெட் எடுங்க!”

முக்தார் பாய் கடையிலிருந்து கை தட்டினார். பெண்கள் திட்டிக்கொண்டே டிக்கெட் வரிசைக்குப் போனார்கள்.