தலை தட்டாத ஆழாக்கு

கைப்பக்குவம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை கிராம் மைதா, இத்தனை கிராம் சர்க்கரை என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. அதனால் கிறிஸ்துமஸுக்குக் கலகலா என்ற இனிப்புப் பலகாரம் செய்வது இந்த வருஷம் என் பொறுப்பு. பெங்களூரிலிருந்து வரும்போதே ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன். அம்மாவின் ஆழாக்குக் கணக்கைக் கிராமுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது தொல்லை.

தீரவில்லை. அம்மா அளந்த முதல் ஆழாக்கு மைதா நூற்று முப்பது கிராம். அடுத்தது நூற்று நாற்பத்தெட்டு. அதற்கடுத்தது நூற்று இருபதுகூட இல்லை. தராசைக் குறை சொல்ல முடியாது. அம்மா தலை தட்டி அளப்பதில்லை. குவியலாக அள்ளி, சரிகிறது சரிய, அப்படியே கொட்டுவாள்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அம்மா அரிசியையோ மாவையோ தலை தட்ட மாட்டாள். அவர் தலைக்கு மேல் அத்தனை பாறை நிற்கும்போது இவள் இங்கே தலை தட்டுவதா? அவர் மேலே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் விரலால் வழித்து அளப்பாள். எங்கள் வீட்டில் ஷிஃப்ட் நாள் இட்லி ஒரு மாதிரி, லீவு நாள் இட்லி ஒரு மாதிரி.

"நான் கீழ போனாத்தான் இந்த வூட்ல தாராளமா வேவுது" என்று அப்பா கேலி செய்வார்.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் பூமிக்குள் பாறை வெடித்து, அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கின. அது எங்களுக்கு வாடிக்கைதான். ஆனால் அன்று அப்பா வேலை செய்த பக்கம் முழுவதும் மூடிக்கொண்டது. தோண்டினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். சவப்பெட்டி இல்லாமலே சர்ச்சில் ஜெபம் நடந்தது. பின்னால் சுரங்கத்தையே மூடினார்கள், ஷாஃப்டில் தண்ணீர் ஏறியது. அம்மா மட்டும் அதற்கப்புறம் ஒரு நாளும் தலை தட்டவில்லை. அவள் அளப்பதைப் பார்க்கவே எனக்குப் பயம். வீட்டுக்கு அடியில் யாரோ விழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். காலைத் தரையில் அழுத்தி வைக்க மாட்டேன்.

"ஒரே ஒரு தடவை தலை தட்டி அளந்து குடும்மா. குவியலுக்கு எப்படி எடை சொல்றது?"

"உங்கப்பா கீழ கீறாருடி" என்றாள், ஏதோ அவர் பக்கத்துப் பங்காருபேட்டை வரை போயிருப்பதைப்போல.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நானே ஆழாக்கை நிரப்பி, கத்தி முதுகால் ஒரே இழுப்பில் வழித்தேன். நூற்று ஐந்து கிராம். அப்பாடா என்று போனில் குறித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மேஜையைத் தடவிக்கொண்டே வந்தாள். ஆழாக்கு கைக்கு அகப்பட்டது. மாவின் மேல் விரலை ஓட்டினாள். குவியல் இல்லை. மறுபடியும் ஓட்டினாள்.

"வந்துட்டாராடி?"

நான் போனைக் கீழே வைத்தேன். அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நெற்றி முடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னாடி நிக்கிற? ஒடம்பெல்லாம் மண்ணா வந்திருப்பாரு. வெந்நி போடு."

நான் வெந்நீர் போட்டேன்.