அரைத்தொட்டித் தண்ணீர்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் திண்டிவனம் பக்கத்து பஸ்களில் பாதி நின்றுபோயின. மீதி கரியில் ஓடின. வண்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சினுக்கு விடுவார்கள். மேட்டைக் கண்டால் அந்த வண்டிகளுக்கு மூச்சு வாங்கும். ஒருமுறை எஞ்சின் நின்றுவிட்டால், மறுபடி கிளப்புவதற்குள் ஒரு பானைச் சோறு வடித்துவிடலாம்.

அப்படி ஒரு கரிவண்டியில்தான் நான் காலரா வேலைக்குப் போய்வந்தேன். நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சேரியிலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள் நான். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்ட பிறகு யாரும் என்னை யார் வீட்டுப் பெண் என்று கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் மட்டும் எங்கே போனாலும் கூடவே வந்தது.

அந்தக் கோடையில் திருவக்கரைக் கோயிலில் பௌர்ணமித் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும் நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் காலரா பரவிவிட்டது. ஆறு வெறும் மணல். ஊற்று தோண்டித்தான் ஜனங்கள் குடிப்பார்கள். அதைத் தடுக்க வேண்டும், மருந்து கலந்த தண்ணீரைக் கோயில் பக்கம் வைக்க வேண்டும் என்று எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். அதற்காக விழுப்புரத்திலிருந்து இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பெரிய இரும்புத் தொட்டி ஒன்று வந்தது. அதை டிரெய்லர் என்றார்கள். இழுக்க வந்தது, ஒரு பழைய பெரிய காரின் பின்பாதியை அறுத்துப் பலகை அடித்துச் சின்ன லாரி மாதிரி ஆக்கிய கரிவண்டி.

டிரைவர் விழுப்புரத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், பஸ் நின்றதும் இந்த வேலைக்கு வந்திருந்தார். டிரெய்லர் இழுப்பது அவருக்கும் புதிது. திண்டிவனத்தில் தொட்டியை வாய்வரை நிரப்பிக் கிளம்பியபோது இறங்கி இறங்கிக் கொக்கியைப் பார்த்தார்.

"இதுக்குன்னு தனியா பிரேக் கெடையாது, நர்சம்மா. நம்ம வண்டி பிரேக்குதான் ரெண்டுக்கும். நம்மளவிட அது கனம். நாம இழுக்கறோம்னு பேரு, பள்ளத்துல எறங்குனா அதுதான் நம்மளத் தள்ளும்."

இன்ஸ்பெக்டர் முன்னாலேயே ஜட்காவில் போய்விட்டார். நானும் டிரைவரும் மட்டும்தான். பெரிய சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் திரும்பும் வரை ஒன்றும் ஆகவில்லை. வண்டி முக்கிக்கொண்டு போயிற்று. தொட்டி பின்னால் அடங்கி வந்தது.

பாதி வழியில் ஒரு ஊர். சாலைக்குக் குறுக்கே குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். யாரும் அசையவில்லை. வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்துவிடாமல் காலால் உறுமவிட்டுக்கொண்டே தலையை வெளியே நீட்டினார்.

"திருவிழாவுக்குப் போற தண்ணிம்மா. வழிய உடுங்க. எஞ்சின் நின்னா பேஜாரு."

முன்னால் நின்றவள் சொன்னாள்: "எங்க கெணத்துல வெள்ளை மருந்தக் கொட்டி, குடிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு உங்க இன்ஸ்பெக்டரு. அப்பறம் எதைக் குடிக்கறதுன்னு சொல்லல. வேணும்னா எங்க மேல ஏத்திக்கினு போ."

அவள் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பின்னால் ஒரு வீட்டு வாசலில், உள்ளே நோயாளி இருப்பதற்கு அடையாளமாக, வேப்பிலை கட்டியிருந்தது.

"பாதியக் குடுத்துடலாம்ண்ணே," என்றேன்.

"இன்ஸ்பெக்டரு என்னத்தான் கேப்பாரு."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

தொட்டியின் பின்னால் இருந்த குழாயை நானே பிடித்துக்கொண்டேன். ஊர்த்தெருப் பெண்கள் நெருக்கி நின்றார்கள். சேரிப் பெண்கள் தள்ளி, காய்ந்த மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிகளுக்கு நடுவே நின்றார்கள். முறை வரும் என்று அவர்கள் நம்பவில்லை, ஆனாலும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் குழாயை மூடி, அவர்களைக் கை காட்டிக் கூப்பிட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. முண்டாசு கட்டிய ஒருவர் முன்னால் வந்தார். மணியக்காரரின் தம்பி என்று யாரோ சொன்னார்கள்.

"நீ எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?"

நான் குழாயை மறுபடி திறந்தேன். "ஆஸ்பத்திரிங்க," என்றேன்.

அது பதிலே இல்லை. ஆனாலும் அவர் மேலே கேட்கவில்லை. கடைசி சேரிப் பெண்ணின் பானையும் நிரம்பியபோது தொட்டியில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. டிரைவர் கரியைக் கிளறி, உருளைக்குள் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து வண்டியைக் கிளப்பினார்.

ஊரைத் தாண்டியதும் ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் வறண்ட ஏரி, மறுபக்கம் பள்ளத்தில் வயல். கரைமேல் ஒரு வண்டி போகத்தான் இடம். ஏறிய கொஞ்ச தூரத்தில் பின்னால் டங்கென்று ஓர் இடி. வண்டி முன்னால் எகிறியது. உடனே பின்னால் இழுபட்டது.

"இன்னா இது," என்றார் டிரைவர். "யாரோ புடிச்சித் தள்றாப்பல கீது."

தண்ணீர்தான். தொட்டி நிறைந்திருந்தவரை அது அசைய இடமில்லை. இப்போது முன்னும் பின்னும் ஓடி மோதியது. மெதுவாகப் போனால் முன்னால் வந்து தள்ளியது. வேகம் கூட்டினால் பின்னால் போய் இழுத்தது. டிரைவரின் கைகள் ஸ்டீரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பின. நிறுத்தவும் அவருக்குப் பயம், போகவும் பயம்.

மதகுப் பக்கம் சாலை வளைகிற இடத்தில் எங்களிடம் தண்ணீர் வாங்கிய சேரிப் பெண்கள் பானைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். லேசாகத்தான். தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து அடித்தது. தொட்டி பக்கவாட்டில் வீசியது. எங்கள் வண்டியின் வால் திரும்பிக் குறுக்கே நின்றது. முன்கண்ணாடியில் சாலைக்குப் பதில் பள்ளத்து வயல் தெரிந்தது.

நின்றுவிட்டோம் என்று நினைத்தேன். இல்லை. டிரெய்லரின் ஒரு சக்கரம் ஏரிப்பக்கச் சரிவில் இறங்கிவிட்டிருந்தது. தொட்டி சாய்ந்துகொண்டு, எங்களையும் விரல் விரலாகப் பின்னுக்கு இழுத்தது. டிரைவர் பிரேக்கின் மேல் எழுந்தே நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வைம்மா. ஜல்தி. நான் காலை எடுத்தா எல்லாம் கீழ போயிடும்."

கதவைத் திறந்து குதித்தேன். கரையில் பாவியிருந்த கல்லைப் பெயர்த்துப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடுத்த கல்லுக்கு ஓடியபோது எனக்கு முன்னால் வேறு கைகள் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. சேரிப் பெண்கள் பானைகளை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கல்லாக வைத்தோம். வண்டி நின்றது. தொட்டி நிற்கவில்லை, கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் வண்டிக் கயிற்றோடு ஓடிவந்தார்கள். முண்டாசுக்காரர் முதல் ஆளாக வந்தார். தொட்டியைக் கயிற்றால் சுற்றி, கரைமேல் இருந்த பனைமரத்தில் இறுக்கிக் கட்டினார்கள். ஊராரும் சேரி ஆட்களும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. டிரைவர் அப்போதுதான் காலை எடுத்துவிட்டு இறங்கினார். கரையோரம் மண்ணில் உட்கார்ந்து தொட்டியைக் காட்டிச் சொன்னார்:

"தண்ணிய எறக்கினாத்தான் ஏறும். தொறந்து உட்ருங்க."

"ஏரியில விடமாட்டேன்," என்றேன். "பானையில பிடிச்சு வைப்போம். தொட்டிய ஏத்தினதும் திருப்பி ஊத்திடலாம்."

பக்கத்தில் இருந்தவை சேரிப் பானைகள். அவற்றில் நிறைந்திருந்ததை மதகுக்கு அந்தப்பக்கம் இருந்த தங்கள் வீடுகளில் கொட்டி வைத்துவிட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். முண்டாசுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க பானையில புடிச்சி அதையே திருவிழாவுக்கு ஊத்துவியா? கோயிலுக்கு வர்ற ஜனம் குடிக்க?"

பானையோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் அம்மாவின் வயது. நான் யாரென்று முண்டாசுக்காரருக்குத் தெரிந்துவிட்டால் இந்தக் கயிற்றை இழுக்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்று தோன்றியது. சத்தமாகவே சொன்னேன்:

"மருந்து போட்ட தண்ணிங்க. எந்தப் பானையில இருந்தாலும் ஒண்ணுதான். உங்க வீட்டுப் பானைங்களும் வந்தா சீக்கிரம் முடியும்."

"உங்க வூடு அங்க கீது, ஓடிப்போய் வர்றதுக்குள்ள தொட்டி கவுந்துக்கும்," என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "கவுந்தா இந்த மாசம் யாருக்கும் தண்ணி கெடையாது. யோசிச்சிக்கினு நிக்காதீங்க."

பனைமரத்தில் கட்டிய கயிற்றில் ஒரு புரி அறுந்து தெறித்தது. முண்டாசுக்காரர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரிவில் நின்று குழாயைத் திறந்தேன். தொட்டி கவிழ்ந்தால் என்மேல்தான் கவிழும். பானைகள் கை மாறி மாறி மேலே போயின. பானை தீர்ந்தபோது குடமும் தவலையும் வந்தன. எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று நான் பார்க்கவில்லை. சத்தம் மாறி, தொட்டி காலியாகிவிட்டது தெரிந்ததும் எல்லோரும் ஒருமூச்சாக இழுத்தார்கள். சக்கரம் மண்ணை வாரிக்கொண்டு மேலே ஏறியது.

எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். கரை நெடுகத் தண்ணீர்ப் பானைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருத்தி. வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள். எடுத்துக்கொண்டு நடந்தால் நான் என்ன செய்ய முடியும்? டிரைவர் தொட்டியின் மேல் ஏறி மூடியைத் திறந்து கையை நீட்டினார். பிறகு அம்மாவின் வயதுக்காரர் தன் பானையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள். ஓர் இளம்பெண் மட்டும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதகைத் தாண்டிப் போனாள். நான் பார்த்தேன். டிரைவரும் பார்த்தார். கூப்பிடவில்லை.

மருந்துப் பொடியை இன்னொரு பிடி கூடுதலாகப் போட்டு மூடினோம். மீதி வழி முழுக்க வண்டி நடை வேகத்தில்தான் போயிற்று. மேடு பள்ளம் வந்தால் நான் இறங்கிக் கல்லோடு பின்னால் நடந்தேன். வெயில் சாய்ந்த பிறகு திருவக்கரை சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"என்னய்யா, பாதிகூட இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் சொன்னார்: "ஏரிக்கரைல சாஞ்சிடுச்சிங்க. மீந்தது இதான்."

"ஆள் பிழைச்சீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர். அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் முண்டாசுக்காரர் குடும்பத்தோடு வந்தார். நான் குழாயடியில் நின்றிருந்தேன். அவர் வாயைத் திறந்தால் அத்தனை தண்ணீரையும் மணலில் கொட்டச் சொல்லிவிடுவார்கள். என் வேலையும் போகும். அவர் நின்று தொட்டியைப் பார்த்தார். பின்னாலிருந்து அவர் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செம்பை நீட்டினாள். நான் ஊற்றினேன். குழந்தை குடித்தது. அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

திருவிழா முடிந்ததும் டிரைவர் தொட்டியை விழுப்புரத்துக்குக் கொண்டுபோய், கொல்லரை வைத்து உள்ளே குறுக்காக ஓட்டை போட்ட தகடுகள் அடித்துக்கொண்டு வந்தார். இனித் தண்ணீர் மொத்தமாக ஓடி மோதாது என்றார். அடுத்த மாதம் பாதித் தொட்டியோடு அதே ஏரிக்கரையில் போக வேண்டியிருந்தது. தொட்டி அடங்கித்தான் வந்தது. உள்ளே தண்ணீர் தகட்டில் சளசளவென்று அடிப்பது மட்டும் கேட்டது.

"இன்னும் இன்னா பயம், நர்சம்மா?" என்றார் டிரைவர்.

அவரும் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.