அத்தையும் நானும் பஸ் ஏறினோம்

கல்யாணமாகி நான் பிள்ளைப்பாக்கம் போனது 1991இல். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. குடிக்க மாட்டார் என்றுதான் அப்பா அவரைப் பிடித்தார். தெளிவாக இருந்துகொண்டே அடிப்பார் என்று யாருக்குத் தெரியும்? குழம்பு ஆறியிருந்தால் அடி. எதிர்த்துப் பேசினால் அடி, பேசாமல் இருந்தாலும் அடி.

குழாயடியில் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. "எந்த வூட்ல இல்லாதது? ஒரு புள்ள பொறந்தா சரியாப் பூடும்" என்றாள் ஒருத்தி. அவளுக்கு மூன்று பிள்ளைகள். முன்பல் ஒன்று இல்லை.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வாய் ஓயாத மனுஷி. கோழியோடும் சண்டை, ரேடியோவோடும் சண்டை. மகன் கை ஓங்கினால் மட்டும் பேச்சு நின்றுவிடும், கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் கணவர் என் கையை முறுக்கித் தள்ளியதில் மணிக்கட்டு நிலைப்படியில் மோதியது. அத்தை கொல்லையிலிருந்து வந்து பார்த்தார். உடனே ஒயர் கூடையில் தன் புடவைகளை அடுக்கினார்.

"நீ இன்னா பாத்துகினு நிக்கிற? உன் துணிய எடு."

"எங்க அத்தை போறது?"

"மொதல்ல பஸ் ஏறுவோம்."

கணவர் வாசலை மறித்தார். "அம்மா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நாங்க அயுதப்ப யாரு வந்தாங்க?"

பஸ்ஸில் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உன் மாமனாரு அடிக்க வந்தா கொல்லைக்குத்தான் ஓடுவேன். அவரு செத்தும் சத்தம் கேட்டா காலு தானா அங்க போவுது. இன்னிக்கித்தான் திரும்பி வந்துச்சி" என்றார். எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது.

வாலாஜாபாத்தில் அத்தையின் சித்தி மகள் இட்லிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கி அங்கேயே வேலை செய்தோம். முறிந்திருந்த மணிக்கட்டுக்குப் போட்ட கட்டு அவிழும்வரை அத்தைதான் எனக்குத் தலை பின்னினார். சிக்கு எடுக்கும்போது என் முடியையும் விடாமல் திட்டுவார்.

கணவர் பலமுறை கூப்பிட வந்தார். அத்தை இலை போட்டு இட்லி வைப்பார். "அவள அனுப்பும்மா" என்றால், "அவளையே கேளு" என்பார். நான் ஒவ்வொரு முறையும் வரமாட்டேன் என்றேன்.

பிறகு கணவர் இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதாகச் செய்தி வந்தது. அத்தை பஸ் ஏறி அந்தப் பெண் வீட்டுக்கே போய், "எம் புள்ளதான், ஆனா கை நீட்டுவான்" என்று சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் நின்றது. அன்று சாயங்காலம் அழுதுகொண்டே இருந்தார். நான் அவர் தலையை வாரிவிட்டேன். அழுகைக்கு நடுவிலும், "வகிடு கோணலா கீது" என்று குறை சொன்னார்.