பயந்து பயந்து காத்த பதிவுகள்

“ஏன் பிள்ளை, நீர் எந்த நேரமும் பயந்துகொண்டே இருக்கிறீர்?” என்று ஒருநாள் றெஜினாவிடம் கேட்டேன். வெளியே மழை இருட்டியிருந்தது. இடி இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் அவர் பிரதேச செயலகத்தின் பதிவறையில் மேசைக்கு மேசை குனிந்து, ஒவ்வொரு கணினியின் மின்னிணைப்பையும் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார். “அப்பா குருநகரிலை கடல்தொழிலுக்குப் போனவர், ரீச்சர். கடலுக்குப் பயப்பிடாதவனைத் தன்ரை வள்ளத்திலை ஏத்தவே மாட்டார். அவன் தானும் கடலுக்குள்ளை தாண்டு எங்களையும் தாட்டுப்போடுவான் எண்டுவார்.”

அந்த றெஜினா போய்விட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அழைத்தவர் பிரதீபன், அதே செயலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் உத்தியோகத்தர். விடியப்புறம் நெஞ்சுநோ என்றாராம்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். சொல்லி முடித்த பின்னும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. எங்கள் கிராமங்களில் பாதியின் காணிப் பதிவுகள் இன்னும் றெஜினா காத்து வைத்த ஒரு பழைய கணினிக்குள்ளேதான் கிடந்தன.

இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பவர்களில், செயலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். தேவாலயப் பாடற்குழுவில் மட்டும் அவரை அறிந்தவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; யாழ்ப்பாணத்தில் வலிகாமத்தின் வடக்கே, கடலை அண்டிய ஓர் ஊரைச் சேர்ந்தவள். யுத்தத்தில் ஊரை விட்டு ஓடியபோது காணி உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள் நின்றுவிட்டது. ஊரைப் பிடித்த இராணுவம் திரும்பிப் போக விடவில்லை. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். பல வருடங்களின் பின், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் காணி விபரங்களைச் செயலகத்தில் பதியலாம் என்றார்கள். பரப்பு எவ்வளவு, நாலு எல்லையிலும் யார் யார், கிணற்றில் யாருக்கு என்ன பங்கு, தண்ணீர் எந்த வாய்க்காலால் வரும் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம். அயலவர்கள் ‘ஓம், உண்மைதான்’ என்று கையெழுத்து வைத்தார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த றெஜினா, செயலகத்துக்கு வந்த முதலாவது கணினியில் அவ்வளவையும் தட்டச்சுச் செய்தார்.

பிறகு ஒரு மாரியில் பதிவறைக் கூரை ஒழுகி, நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் கூழாகிவிட்டன. கையெழுத்து வைத்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். பலருடைய உறுதிக்கு வேறெங்கும் பிரதி கிடைக்கவில்லை. இந்தக் காணி இன்னாருடையது என்று சொல்ல, றெஜினாவின் விரல்கள் பதித்தது மட்டுமே மிஞ்சியது.

அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் தமிழை ‘பாமினி’ எழுத்துருவில்தான் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை போலத் தெரியும். வகுப்பறையில் பிள்ளைகள் இரகசியமாகக் கடிதம் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். ‘அ’வுக்கு ஒன்று, ‘ஆ’வுக்கு இரண்டு என்று தங்களுக்குள் பேசி வைத்து, எண்களாகவே எழுதுவார்கள். அப்படி ஒரு துண்டை ஒருமுறை பறித்தேன். கணக்குச் செய்த தாள் என்று நினைத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். பின்வரிசை வாங்கில் இருந்த இருவர் முகம் வெளுத்துப் போனது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது தெரியாதவளுக்கு அது வெறும் தாள்தானே.

செயலகத்தில் நடந்ததும் இதுதான். றெஜினா சாவகச்சேரிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்த காலம். புதிய கணினிகள் வந்தன. பிரதீபனும் புதிதாக வந்தார். பாவனையில் இருந்த கணினிகளின் கோப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றுமுன், பயனற்றதை அழித்துத் துப்புரவாக்குவோம் என்று நினைத்தார். திறந்த கோப்பெல்லாம் குப்பையாகத் தெரிந்தது. வைரஸ் தின்ற கோப்புகள் என்று எண்ணி அழித்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒழுங்கான மனிதர்.

இராணுவம் எங்கள் ஊரின் ஒரு பகுதியை விடுகிறது, காணி விபரத்தோடு வாருங்கள் என்ற அறிவித்தலைக் கேட்டு நான் போனேன். பிரதீபன் நெடுநேரம் தேடினார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல், “அப்பிடி ஒரு பதிவு இஞ்சை இல்லை, ரீச்சர்” என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்த வார்த்தை ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனதை என் காதால் கேட்டேன். ‘இல்லையாம்… இல்லையாம்…’ குண்டுச் சத்தத்துக்கு ஓடியிருக்கிறேன். ஆனால் குளிர்ந்த அறைக்குள், மரியாதையான ஒரு குரல், நாங்கள் அந்த ஊரில் இருந்ததே இல்லை என்று சொன்னபோது வந்த பயம் வேறு. ஓடுவதற்கு இடம் இல்லை.

றெஜினாவுக்கு நான்தான் அழைத்துச் சொன்னேன். மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரோடும் கதைக்கவில்லை. நேரே பதிவறையின் மூலைக்குப் போய் ஒரு பழைய துணியை இழுத்தார். அதன் கீழே, பிரதீபன் தொடாமல் விட்ட அந்த முதலாவது கணினி இருந்தது. கழிவுப் பொருட்களை ஏலத்தில் விடும் ஒவ்வொரு வருடமும் அவர் மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு அதைத் தடுத்து வந்திருக்கிறார். அலுவலகத்தில் அதற்குக் ‘கிழவி’ என்று பெயர். “கிழவிக்கு எப்ப அக்கா எட்டுச் செலவு?” என்று, செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் சடங்கைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்களாம். “உங்களை எல்லாம் அனுப்பிப்போட்டுத்தான் அவ போவா” என்பாராம் இவர்.

பொத்தானை அழுத்தினார். உள்ளே ஏதோ உராய்ந்தது. திரை கறுப்பாகவே நின்றது. றெஜினாவின் கை தன் சிலுவைச் சங்கிலியைப் பிடித்தது. பிரதீபன் குனிந்து மின்னிணைப்பைச் சரிபார்த்தார். பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. கோப்பைத் திறந்து தேடி, என் கணவரின் பெயரை அவர் வாசித்தார். வடக்கு எல்லை ஒழுங்கை. கிழக்கு எல்லை எங்கள் பெரியப்பாவின் மகள். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. இறந்துபோன மனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்தன.

பிரதீபன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். றெஜினா மறித்தார். “உம்மடை பிழை இல்லைத் தம்பி. என்ன எழுத்து, எப்பிடித் திறக்கிறது எண்டு நான் எழுதி வைக்கேல்லை. பூட்டைக் குடுத்துப்போட்டுத் திறப்பைக் கொண்டு போனது நான்.” அன்றைக்கே ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும், இதில் என்ன இருக்கிறது, எந்த எழுத்துருவில், யார் அடித்தது என்று சிறு குறிப்பு எழுதி வைத்தார். மாற்றலை நீக்கித் தன்னைத் திரும்ப இங்கே விடும்படி கேட்டு எழுதியதும் அன்றுதான்.

திரும்பி வந்த பிறகு, பழையதை எல்லாம் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய புதிய எழுத்துருவுக்கு மாற்றத் தொடங்கினார். அதற்கு மென்பொருள் இருக்கிறது, சுணங்காமல் முடிக்கலாம் என்றார் பிரதீபன். றெஜினா ஒரு பக்கத்தை மாற்றிக் காட்டினார். தமிழ் ஒழுங்காக வந்தது. ஆனால் நில அளவைப் படத்தின் இலக்கங்களோடு இருந்த ஆங்கில எழுத்துகளையும் அது தமிழாக்கிக் குழப்பியிருந்தது. “மிசினுக்கு எங்கடை கிணறு தெரியாது” என்றார். அதன்பின் எங்களைப் போல ஓய்வுபெற்ற சிலரைக் கூப்பிட்டார். ஒருவர் கிழவியின் திரையைப் பார்த்து வாசிப்பார். மற்றவர் புதிய திரையில் சரிபார்ப்பார். வாரத்தில் சில காலைகள் அப்படிப் போயின. எங்கள் ஊர் முடிந்தது. பக்கத்து ஊர்கள் முடியவில்லை.

அவர் மிகவும் பயந்ததை நான் கண்டது அந்த நாட்களில்தான். காணித் தரகர் ஒருவர் வந்தார். எல்லோருக்கும் அறிமுகமானவர், கோயில் திருவிழாவுக்கு முன்னின்று உழைப்பவர். சட்டைப்பையிலிருந்து ஒரு பென் ட்றைவை எடுத்து மேசையில் வைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி விபரத்தை மட்டும் இதில் போட்டுத் தந்தால் சனத்துக்கு உதவியாக இருக்கும், பேர்ப்பட்டியல்தானே என்றார். றெஜினா அதைத் தொடவில்லை. ஒரு கடுதாசியால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

“உது பேர்ப்பட்டியல் இல்லை அண்ணை. ஆற்றை வீட்டிலை கேக்க ஆளில்லை எண்ட பட்டியல்.”

உரிமையாளர் ஊரில் இல்லாத காணியைப் பிடிக்க நினைப்பவனுக்கு அந்தப் பட்டியலே போதும். தரகர் சிரித்துக்கொண்டே போனார். றெஜினா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கே மேலதிகாரிக்கு அறிவித்து, யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று தெரியக்கூடிய ஏற்பாட்டைப் பிரதீபனைக் கொண்டு செய்வித்தார். “அழிஞ்சாலும் பயம், ஆற்றையும் கையிலை போனாலும் பயம்” என்று என்னிடம் சொன்னார். பதிவுகளைக் காக்கும் வேலையை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை செயலகத்துக்குப் போனேன். பதிவறையில் பிரதீபன் தனியாக இருந்தார். கிழவி ஓடிக்கொண்டிருந்தது, உராயும் சத்தம் முன்னிலும் கூடியிருந்தது. எல்லாவற்றையும் எழுத்துருவோடு சேர்த்துப் பிரதி எடுத்து, ஒன்றை இங்கும் ஒன்றை வேறிடத்திலும் வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எடுத்தாப் பிறகும் நித்திரை வரேல்லை, ரீச்சர். பிரதி திறக்குமோ, திறந்தாலும் சரியா இருக்குமோ எண்டு ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன். எனக்கும் பயம் பிடிச்சிட்டுது.”

“நல்லது” என்றேன். கிழவியின் முன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் புதிய திரையின் முன் அமர்ந்தார். அடுத்த ஊரின் முதற் பெயரை வாசித்தேன்.

றெஜினாவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாமல், போய்ப் பார்க்க வைக்கும் பயம். அந்த ஊர்களின் பெயர்கள் வாசித்து முடியும் மட்டும் அது என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

அவரை அறிந்தவர்களே, ஒன்று செய்யுங்கள். உங்கள் கணினியிலோ தொலைபேசியிலோ பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஆகப் பழைய ஆவணத்தை இன்றைக்கே திறந்து, கடைசி வரி வரை வாய்விட்டு வாசியுங்கள்.